விளம்பரம் எடுபடவில்லையா, ஆட்களிடம் போகவே இல்லையா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி விற்பனைக்கு இரண்டு விதமாகச் செய்தி எழுதி, எது எடுபடுகிறது என்று பார்க்க வேண்டும். முடிவைக் கெடுக்கும் கட்டுப்பாடுகள் பல, கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்காது.

படி 1: வட்ஸ்அப்

செலவில்லாமல் தொடங்க இதுதான் இடம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

இது கணக்கை எப்படிப் புரட்டுகிறது பாருங்கள். நூறு நூறு பேராக இரண்டு லிஸ்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி. முதலாவதில் பழைய வாடிக்கையாளர்கள் அதிகம். 90 பேரிடம் உங்கள் எண் இருக்கிறது, 9 பேர் விலை கேட்கிறார்கள். இரண்டாவதில் 40 பேரிடம்தான் இருக்கிறது, 6 பேர் கேட்கிறார்கள். நூற்றுக்கு 9, நூற்றுக்கு 6 என்று எழுதினால் முதல் செய்தி வென்றுவிட்டது. கிடைத்தவர்களை மட்டும் எடுத்தால் 10 வீதமும் 15 வீதமும்! இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இரண்டாவதுதான் சிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதைத் தூக்கி எறிவது அநியாயம்.

ஆகவே அனுப்பிய செய்தியின் விபரத்தைத் திறந்து, எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். அந்த எண்ணால் வகுங்கள். நீல டிக்கை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அதை நிறுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. பழைய வாடிக்கையாளர்கள் ஒரே லிஸ்ட்டில் குவியாதபடி, பெயர்களையும் நன்றாகக் கலைத்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கணக்கின் நிலை

இன்ஸ்டகிராம் செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். உங்களைப் பின்தொடராதவர்களுக்கு உங்கள் பதிவுகள் பரிந்துரைக்கப்படுமா என்பது அங்கே தெரியும். பேஸ்புக்கில், “லைக் போடுங்க, நண்பரை டேக் பண்ணுங்க” என்று கேட்கும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள்.

படி 3: காசு கட்டும் விளம்பரம்

பேஸ்புக், இன்ஸ்டகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் ஏபி டெஸ்ட் (இரண்டு விளம்பரங்களை ஒப்பிடும் வசதி), ஒருவர் ஒரு விளம்பரத்தை மட்டும் பார்க்கும்படி ஆட்களைப் பிரிக்கும். அதோடு சமமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும், யார் தட்டக்கூடும் என்று அல்கோரிதம் (யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் மென்பொருள்) ஊகித்து அவர்களுக்கே அதிகம் காட்டும். காஞ்சிபுரப் பட்டின் படம் அம்மாமாரிடமும், ரெடிமேட் பிளவுஸ் படம் கம்பஸ் பிள்ளைகளிடமும் போயிருக்கலாம். விளம்பர முடிவுகளைப் பிரித்துக் காட்டும் ‘பிரேக்டவுன்’ பகுதியில் வயது, ஆண் பெண், இடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், எந்தப் படம் நல்லது என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பேன்.

நடுவில் கைவைக்காதீர்கள். வாரத்துக்குச் சுமார் 50 விளைவுகள் (நீங்கள் குறிவைத்த செயல்கள்) கிடைக்கும்வரை, யாருக்குக் காட்டுவது என்று அல்கோரிதம் கற்றுக்கொண்டிருக்கும்; பெரிய மாற்றம் செய்தால் மறுபடி முதலிலிருந்து.

படி 4: ஒரே விளம்பரம், இரண்டு பிரிவு

காசு வீணாவதுபோல் இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். ஒரே படம், ஒரே வாசகம், ஒரே தொகை, ஒரே நாட்கள். அப்போதும் இரண்டு பிரிவின் முடிவும் விலகி நிற்கும். எந்தக் காரணமும் இல்லாமல் குறைந்தது அவ்வளவு வித்தியாசம் உங்கள் கணக்கில் வரும் என்று குறித்துவையுங்கள். பிறகு உண்மையான பரிசோதனையில் வரும் வித்தியாசம் அதைவிடச் சிறியது என்றால், அதை நம்பிப் புறக்கோட்டை மொத்தக் கடைகளில் சரக்கு எடுக்க வேண்டாம்.