மரிப் பூவை நம்பாதீர்கள்: மார்கரெட் ரிவர் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவரில், கடலையொட்டி ஒரு குடும்பம் நடத்தும் ஒயின் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். ஜனவரி பிறந்தால் புதுப் பிள்ளைகள் வருவார்கள்; நான் அடித்த அதே கூத்தை அடிப்பார்கள். தொப்பி போடு, தண்ணீர் குடி என்பதையெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள்; சொல்லாமல் விடுவது இவை.

பூவை நம்பி, கொடிகளை மூடும் குருவி வலையைத் தள்ளிப்போடுவது

இங்கே எதிரி சில்வர்ஐ குருவி. நம் ஊர் வெள்ளைக்கண்ணியின் பங்காளி. எடை சுமார் 10 கிராம்தான். பழத்தை முழுசாகத் தின்றாலும் போகட்டும் என்று விடலாம். ஒரு குத்து, கொஞ்சம் சாறு, அடுத்த பழம். ஒழுகும் சாற்றில் குலையே அழுகிவிடும்.

மரி என்பது இங்கத்திய யூகலிப்டஸ் இன மரம். அது பூத்தால் குருவிகள் தேனுக்குப் போய்விடும், உண்மைதான். ஆனால் அது பூப்பது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். வெள்ளை ஒயினுக்கான ஷார்டனே திராட்சை அதற்கு முன்பே இனிக்கத் தொடங்கிவிடும். என் இரண்டாம் ஆண்டில் மொட்டுகளைப் பார்த்துவிட்டு, காட்டோர நான்கு வரிசைகளை 'அடுத்த வாரம் மூடிக்கலாம்' என்று விட்டேன். மொட்டு மொட்டாகவே இருந்தது. திங்கட்கிழமை போனால் புளித்த வாடை, மொய்க்கும் தேனீ. முதலாளியம்மா திட்டவில்லை. கத்தரியைக் கையில் கொடுத்து, கெட்ட குலைகளை வெட்டித் தரையில் போடச் சொன்னார். இரண்டு நாள் வெட்டினேன்.

பழம் மெத்தென்று ஆகத் தொடங்கியதுமே வலை ஏற வேண்டும். அடியில் கிளிப் விட்டுப்போய் ஒரு கைப்பிடி இடைவெளி இருந்தாலும் போதும், நுழைந்துவிடும். வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே விருந்து. போன வாரம்கூட ஒரு தம்பி, "மொட்டு வந்திருச்சே அண்ணா" என்றான். பதில் சொல்லாமல் கிளிப் வாளியை நீட்டினேன்.

குறுக்கு வழியையும் பார்த்தாயிற்று. இதே வட்டாரத்தில் 1967-இல் வாஸ் பெலிக்ஸ் ஒயின் தோட்டத்தைத் தொடங்கிய இதய மருத்துவர் டாம் கலிட்டி, குருவிகளை விரட்ட ஒரு வல்லூறைக் கொண்டுவந்தார். அவிழ்த்துவிட்டதும் பறந்தது, திரும்பவே இல்லை. இன்றும் அவர்கள் பாட்டில் லேபிளில் மட்டும் இருக்கிறது.

சின்னப் பழங்களை நோய் என்று வெட்டுவது

ஜின்ஜின் வகை ஷார்டனேயில் ஒரே குலையில் பெரியதும் சிறியதும் கலந்துதான் இருக்கும். 'கோழியும் குஞ்சும்' என்பார்கள். ருசியே அதில்தான், கை வைக்காதீர்கள்.

வசந்தகாலக் கடல்காற்றை லேசாக எடுத்துக்கொள்வது

இளந்தளிர் முறியும். கொடி தாங்கும் கம்பிகளுக்குள் சொருகிவிடுங்கள், அன்றைக்கே.

ஒயின் ருசி பார்க்கும் மேடையில் நிற்கும் நாளில் சென்ட்

வேண்டாம்.