பேக்பைப்: டி-யிலிருந்து இ-க்குப் போகும்போது புகுந்த ஒலி நின்றது எப்படி?

காற்றுப்பையை அழுத்தி வாசிக்கும் பேக்பைப்பில் ஸ்வரங்களுக்கு நடுவே காற்றை நிறுத்த வழியில்லை. சாண்டர், அதாவது விரல் துளைகள் உள்ள குழல், ஓயாமல் ஒலிப்பதால், ஒரு விரல் இம்மியளவு பிந்தினாலும் வேண்டாத ஒலி புகுந்துவிடும். எனக்கு அது டி ஸ்வரத்திலிருந்து இ ஸ்வரத்துக்குப் போகும்போதெல்லாம் வந்தது.

அந்த இடத்தில் மேல் கையின் (சாண்டரின் மேல்பகுதியைப் பிடிக்கும் கை) மோதிர விரலும் கீழ் கையின் சுண்டுவிரலும் எழ, அதே நொடியில் கீழ் கையின் மற்ற மூன்று விரல்களும் அமர வேண்டும். என்னுடைய அந்த மூன்றும் முந்திக்கொண்டன. ஒரு கணம் எல்லாத் துளைகளும் மூடி, சாண்டரின் மிகத் தாழ்ந்த ஸ்வரமான லோ ஜி கேட்டது. கிரேஸ் நோட் (நடுவே சட்டென்று தொட்டுச் செல்லும் மிகக் குறுகிய அலங்கார ஸ்வரம்) போட்டு இதை மறைக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

பை இல்லாத பயிற்சிக் குழலான பிராக்டிஸ் சாண்டரில், கிரேஸ் நோட்டே இல்லாமல், தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து அந்த இரண்டு ஸ்வரங்களை மட்டும் மாறி மாறி வாசித்தேன். பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்துக் கேட்டபோதுதான் எந்த விரல் முந்துகிறது என்பது பிடிபட்டது.

பிடியும் ஒரு காரணம். இறுக்கி அழுத்தியதில் விரல்நுனிகளில் துளையின் வட்டத் தடமே பதிந்திருந்தது. விரல்களை நீட்டி, நுனிக்குப் பதில் நடுப்பகுதிச் சதையால் லேசாக மூடினேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நுனிப்பக்கம். விரல்கள் சேர்ந்து எழுந்து சேர்ந்து அமரத் தொடங்கின.

பி-யிலிருந்து சி-க்குப் போவதும் இப்படித்தான் சரியானது. அங்கே கீழ் கையின் நடுவிரல் எழும்போதே சுண்டுவிரல் இறங்க வேண்டும்.