விட்டுக்கொடுத்துப் பெற்ற பண்பை இனங்காண்பது எப்படி?

ஓர் உயிரினத்தின் பண்பைத் தகவமைப்பு என்று சொல்வதற்கு முன், அது எதைத் தருகிறது என்பதோடு, அதற்காக எதை இழக்க வைக்கிறது என்றும் கேளுங்கள். இதைப் பழகிக்கொள்ள டிரினிடாட் தீவின் மலையோடைகளில் வாழும் கப்பி மீன் மிகப் பொருத்தமானது; கொசுப்புழுக்களைத் தின்னட்டும் என்று நம் கிணறுகளில் விடப்படுகிற அதே மீன்தான்.

முதலில் எதிரெதிராக இழுக்கும் இரண்டு காரணிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண் கப்பியின் ஆரஞ்சுப் புள்ளிகள் பெண் மீனை ஈர்க்கின்றன. வேட்டை மீனுக்கும் அவையே இரையைக் காட்டிக்கொடுக்கின்றன.

அடுத்து, அவற்றுள் ஒன்று ஓரிடத்தில் வலுவாகவும் மற்றோரிடத்தில் மெலிந்தும் இருக்கும்படியான இடங்களைத் தேடுங்கள். பெரிய வேட்டை மீன்களால் அருவிகளைத் தாண்டி மேலேற முடிவதில்லை. அருவிக்குக் கீழே வாழும் ஆண்கள் மங்கலாகவும், மேலே வாழ்பவை பளிச்சென்றும் இருக்கின்றன. பலர் இங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள், அது அவசரம். ஆரஞ்சு நிறமியின் ஒரு பகுதியைக் கப்பி தன் உணவிலிருந்து பெறுவதால், இந்த வேறுபாட்டில் உணவான பாசிக்கும், அதை வளர்க்கும் வெளிச்சத்திற்கும் பங்கு இருக்கலாம்.

ஆகவே மற்றவற்றை மாற்றாமல் ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். உயிரியலாளர் ஜான் எண்ட்லர் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்மாதிரி. கண்ணாடிக் குடிலுக்குள் அவர் அமைத்த குளங்கள் சிலவற்றில் வேட்டை மீன் இருந்தது, சிலவற்றில் இல்லை. தரையில் சிலவற்றில் பருங்கற்களும் சிலவற்றில் பொடிக்கற்களும் பரப்பப்பட்டிருந்தன. தலைமுறைகள் கடந்தபோது, வேட்டை மீன் இருந்த குளங்களில் புள்ளிகள் குறைந்து, கற்களின் அளவோடு ஒத்துப்போயின. இல்லாத குளங்களிலோ புள்ளிகள் பெருகி, கற்களிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தன. 1976-இல் அருவிக்குக் கீழிருந்து, பெரிய வேட்டை மீன் இல்லாத ஓர் ஓடைக்கு மாற்றப்பட்ட கப்பிகளிலும் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் புள்ளிகள் கூடின.

நிறத்தோடு நின்றுவிடாமல் இனப்பெருக்கத்தையும் பாருங்கள். அருவிக்குக் கீழுள்ளவை சிறு உடலிலேயே முதிர்ந்து, சிறிய குஞ்சுகளை நிறைய ஈனுகின்றன. மேலுள்ளவை தாமதமாக முதிர்ந்து, சற்றுப் பெரிய குஞ்சுகளைக் குறைவாக ஈனுகின்றன. டேவிட் ரெஸ்னிக் குழுவினர் இவற்றின் வழித்தோன்றல்களை ஆய்வகத்தில் ஒரே சூழலில் வளர்த்தும் வேறுபாடு நீடித்ததால், அது மரபுவழிப்பட்டது என்று உறுதியாயிற்று.

மீன்களை ஒப்பிடும்போது உணவளவைச் சமமாக வையுங்கள். வயிறார உண்ட மீன் நிறத்திலும் குஞ்சு எண்ணிக்கையிலும் ஒருசேர முந்திக்கொண்டு, உள்ளிருக்கும் இழப்பை உங்கள் அட்டவணையிலிருந்து மறைத்துவிடும்.