காக்டெயில் பறவைக்கு விசில் பழக்குவது எப்படி? ஐந்து ஸ்வரம் போதும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். மீனாட்சி கையில் கிளி உண்டு. பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் அம்மன் பேரைச் சொல்லப் பழக்கிய கிளிகளும் இருந்தன. அதற்காக யாராவது பச்சைக்கிளிக் குஞ்சைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். இங்கே சொல்வதெல்லாம் ஆஸ்திரேலியாவின் கொண்டைக் கிளியான காக்டெயிலுக்கு (cockatiel). கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கேட்டால் பெரும்பாலும் பட்ஜி என்ற சின்னக் கிளியைத்தான் பிடித்துக் கொடுப்பார்கள். அதுவும் விசிலைப் பிடிக்கும். ஆனால் எல்லாவற்றையும் கலந்து கடகடவென்று முணுமுணுக்கும், மெட்டு பிடிபடாது.

1. பறவை

ஆண் வேண்டும். பெண் ரசிக்கும், திருப்பிப் பாடுவது அபூர்வம். சாம்பல் நிறப் பறவையில் முதல் இறகு உதிர்வுக்குப் பிறகு ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகும். பெண்ணுக்கு வாலின் அடியில் மஞ்சள் பட்டை நிற்கும். கூண்டுக்குள் கண்ணாடி தொங்கினால் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இருக்கும்வரை அது தன் பிம்பத்துக்குத்தான் பாடும், உங்களுக்கு இல்லை.

பேச்சும் வேண்டுமென்றால் பேச்சை முதலில் பழக்குங்கள். விசில் ருசி கண்ட ஆண் காக்டெயில் அப்புறம் வார்த்தைக்குச் சுலபத்தில் வராது.

2. மெட்டு

ச ரி க ப க. மோகன ராகத்தில் ஒரு துண்டு. ஒரு ஸ்வரத்துக்கு அரை விநாடி, மொத்தம் இரண்டரை விநாடி. கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழுப்பது) வேண்டாம், எப்படியும் அது தட்டையாக்கித்தான் திருப்பித் தரும்.

3. சுருதி (முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான்)

காலையில் ஒரு சுருதி, சாயங்காலம் இன்னொரு சுருதி என்று அடித்தாலும் நம் காதுக்கு அது ஒரே மெட்டுதான். நாம் ஸ்வரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைக் கேட்கிறோம். பறவைகளின் காது பெரும்பாலும் ஒவ்வொரு ஒலியின் உயரத்தையே அப்படியே பிடித்துக்கொள்ளும். சுருதி மாறினால் அதற்கு அது வேறு பாட்டு. பத்து நாளில் பத்து பாட்டு சொல்லிக்கொடுத்துவிட்டு ‘மக்குப் பறவை’ என்று திட்டுவதில் நியாயமில்லை.

அதனால் ஃபோனில் ஒரு தம்புரா ஆப் போட்டு 1 கட்டையில் வையுங்கள். விசிலில் ச ஏறத்தாழ 1047 ஹெர்ட்ஸ், ரி 1175, க 1319, ப 1568. காக்டெயிலுக்குக் காது கூர்மையாக இருக்கும் எல்லைக்குள்ளேயே இது விழுகிறது. தம்புராவைக் கேட்டுச் சுருதியைப் பிடித்ததும் நிறுத்திவிடுங்கள். பாடம் நடக்கும்போது அது ஓடக் கூடாது.

இதே படியில் இரண்டாவது சறுக்கல்: நடுவில் பிசிறு தட்டினால் நிறுத்திவிட்டு மறுபடி ‘ச ரி’ என்று தொடங்குவது. அப்போது பறவைக்கு அதிகம் காதில் விழுவது அந்த முதல் இரண்டு ஸ்வரம்தான். கடைசியில் அது ‘ச ரி, ச ரி’ என்றே சுற்றிக்கொண்டிருக்கும். பிசிறடித்தாலும் கடைசி க வரை போய் முடித்துவிடுங்கள்.

4. பாடம்

காலை ஆறரை வாக்கில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஐந்தைந்து நிமிடம். டிவியை அணையுங்கள், ஃபேனையும். மே மாதத்து மதுரையில் அதற்கு மேல் ஃபேன் இல்லாமல் இருக்க நம்மாலும் முடியாது, பறவையாலும் முடியாது.

ஒரு தடவை விசில், பிறகு பத்துப் பதினைந்து விநாடி அமைதி. அந்த அமைதிதான் பாடம். விடாமல் அடித்தால் அது பதில் சொல்ல இடமே இருக்காது. எட்டு மணி நேரம் ஓடும் யூடியூப் ‘பறவைப் பயிற்சி’ வீடியோக்களை நான் சிபாரிசு செய்யாததும் இதனால்தான். வாயால் அடிப்பதே நல்லது. விசில் வராதவர்கள் வரும் ஒருவரைக் கொண்டு சுத்தமாக ஒருமுறை பதிவு செய்து, கூண்டருகே நின்று மெதுவான சத்தத்தில் போடலாம்.

ஒரே ஒரு ஸ்வரம் சரியாக வந்தாலும் உடனே நான்கு தினை மணிகள் கொடுங்கள். கீழமாசி வீதி மளிகைக் கடைத் தினையே போதும். பாடம் இல்லாத நேரத்தில் அதைக் கண்ணில் காட்டாதீர்கள்.

5. பறவை என்ன சொல்கிறது?

கொண்டை பாதி எழும்பி, தலை ஒருபக்கம் சாய்ந்தால் கேட்கிறது. தோளை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டு விசிலடித்தால் உற்சாகத்தின் உச்சம். கொண்டை குச்சி மாதிரி நின்று உடம்பு ஒல்லியாகிவிட்டால் பயம். கொண்டையைத் தலையோடு படியவைத்துச் சீறினால் அன்றைக்குப் பாடம் முடிந்தது.

முதல் ஒத்திகையைச் சத்தமாக எதிர்பார்க்காதீர்கள். மத்தியானம் அரைக்கண் மூடி, வாய்க்குள்ளேயே முனகும். அதில் ‘ப க’ மட்டும் கேட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சில வாரம் ஆகலாம். சில பறவைகள் கடைசிவரை பாடாது.

சேர்த்தது: ‘குக்கர் விசிலை மட்டும் பிடித்துக்கொண்டது’ என்பவர்களுக்கு

குக்கர் கத்தினால் வீட்டில் ஒருவர் எழுந்து ஓடுகிறார். பறவை அதே மாதிரி கத்தினால் எல்லோரும் சிரிக்கிறார்கள். இதைவிடப் பெரிய பரிசு தினையில் இல்லை. பறவை குக்கர் சத்தம் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். ச ரி வந்தால் மட்டும் கூண்டருகே போங்கள்.

சேர்த்தது: பாட்டுக்கு ஆடுமா?

கிளி இனம் தாளத்தைப் பிடிக்கும். ஸ்னோபால் என்ற காக்கட்டூ (கொண்டையுள்ள பெரிய கிளி) பாட்டின் வேகத்தை மாற்றினாலும் அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றிக்கொண்டதை 2009இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். ஜப்பானில் காக்டெயில்கள் ஒலிக்கும் மெட்டோடு சேர்ந்தே பாடியதாக 2021இல் ஒரு கட்டுரை வந்தது. எனவே பாட்டு போடலாம், பக்கத்தில் பேசுவது கேட்கும் அளவுக்கு. குத்துப்பாட்டு போடுவதானால் கூண்டு இருக்கும் மேஜையிலேயே ஸ்பீக்கரை வைக்காதீர்கள். அதிர்வு காலில் ஏறும்.

சித்திரைத் திருவிழாவுக்குத் தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டினாலோ, கல்யாண வீட்டில் வேட்டு போட்டாலோ கூண்டை உள்ளறைக்கு மாற்றி மூன்று பக்கம் துணி போடுங்கள். காக்டெயில் இருட்டில் மிரண்டால் கூண்டுக்குள் அடித்துக்கொண்டு இறகை முறித்துக்கொள்ளும். அந்த இரவுகளில் ஒரு சின்ன ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். மறுநாள் பாடம் வேண்டாம்.