கேபிளைக் கழற்றினால் வைஃபையும் சாகிறதா?

என் லினக்ஸ் கணினி போர்டில் ஈதர்நெட், வைஃபை இரண்டும் ஒரே ரௌட்டரில், ஒரே சப்நெட்டில் (ஒரே உள் நெட்வொர்க் பிரிவில்). கேபிளைப் பிடுங்கியதும், லேப்டாப்பிலிருந்து வைஃபை முகவரிக்குப் போட்ட எஸ்எஸ்ஹெச்சும் (தொலைவிலிருந்து உள்நுழையும் இணைப்பு) உறைந்துவிடும். சற்று நேரத்தில் தானாக உயிர்பெறும். முதலில் ஆன்டெனாவைச் சந்தேகித்தேன், வீண். ரூட் மெட்ரிக்கும் (பாதையின் முன்னுரிமை எண், குறைந்ததே முந்தும்) சரி: ஈதர்நெட் 100, வைஃபை 600.

லேப்டாப்பின் ஏஆர்பி அட்டவணைதான் காட்டிக்கொடுத்தது; எந்த ஐபி எந்த மேக் முகவரியில் (வன்பொருள் முகவரி) இருக்கிறது என்ற பட்டியல் அது. இரண்டு ஐபிக்கும் ஒரே மேக் முகவரி, அதுவும் ஈதர்நெட்டினுடையது! லினக்ஸில் ஐபி முகவரி முழுக் கருவிக்குச் சொந்தம், ஈதர்நெட், வைஃபை போன்ற தனி இன்டர்ஃபேஸுக்கு அல்ல. அதனால் வைஃபை ஐபிக்கான ஏஆர்பி கேள்விக்கு ஈதர்நெட்டும் பதில் சொல்லும். கேபிள் போனபின் லேப்டாப் பழைய மேக்குக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

போர்டின் சிஸ்கண்ட்ரோல் (sysctl, கெர்னல் அமைப்புகள்) கோப்பில், 'ஆல்' பிரிவின் கீழ் ஏஆர்பி இக்னோர் (arp_ignore) 1, ஏஆர்பி அனவுன்ஸ் (arp_announce) 2 என்று போட்டேன். இனி ஒவ்வொரு இன்டர்ஃபேஸும் தன் ஐபிக்கு மட்டுமே பதில் சொல்லும். பாக்கெட் வந்த வழியும் பதில் போகும் வழியும் ஒன்றா என்று பார்க்கும் ஆர்பி ஃபில்டர் (rp_filter) 1 ஆக இருந்தால் 2 ஆக்குங்கள். இல்லாவிட்டால் வைஃபையில் வரும் பாக்கெட்டைக் கெர்னலே சத்தமில்லாமல் தூக்கியெறியும். பிறகு லேப்டாப்பின் ஏஆர்பி அட்டவணையைக் காலிசெய்துவிட்டே சோதிக்கவும்.