தோல் எளிதில் உரியும் குழந்தை: அக்கறையில் செய்யும் தவறுகள்

எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற மரபணு நோயில், தோலின் அடுக்குகளைப் பிடித்து வைக்கும் புரதங்களில் ஒன்று குறைவாகவோ பழுதாகவோ உருவாகிறது. லேசாக உரசினாலே கொப்புளம் கிளம்பும். நேராக அழுத்துவதைவிடத் தேய்ப்பதும் இழுப்பதும்தான் இந்தத் தோலுக்குப் பெரிய ஆபத்து. இது தெரியாததால், பாசத்தோடு நீளும் கைகளே பல புண்களுக்குக் காரணமாகிவிடுகின்றன.

அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்காதீர்கள். பிட்டத்துக்கு அடியில் ஒரு கை, கழுத்துக்குப் பின்னால் ஒரு கை. பச்சிளம் குழந்தையென்றால் மெத்தென்ற விரிப்போடு சேர்த்தே தூக்குங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, கொப்புளத்தைத் தொடாமல் விட்டுவிடுவது. தீக்காயக் கொப்புளத்தை உடைக்கக் கூடாது என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். இங்கே அது பொருந்தாது. சுற்றியுள்ள தோலுக்குப் பிடிமானம் இல்லாததால், உள்ளே தேங்கும் நீர் பக்கவாட்டில் பரவிக் கொப்புளத்தைப் பெரிதாக்கும். கிருமி நீக்கிய ஊசியால் அதன் தாழ்ந்த பகுதியில் துளையிட்டு, மென்மையான துணியால் ஒற்றி நீரை வெளியேற்ற வேண்டும். மேலே மூடியிருக்கும் தோலை உரித்துவிடாதீர்கள், புண்ணுக்கு அதுவே காப்பு. முதல் சில முறை பயிற்சி பெற்ற செவிலியர் அருகில் இருப்பது நல்லது.

சாதாரண பிளாஸ்திரி கூடவே கூடாது. பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும். ஒட்டாத சிலிகோன் கட்டுகள் இருக்கின்றன. ஒட்டிப்போன கட்டைப் பிடுங்காமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். ரத்தம் எடுக்கும் இடத்திலும் டேப் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே எல்லோருக்கும் இந்த நோய் தெரிந்திருக்கும் என்று நம்ப முடியாது. கட்டு மாற்றும் வலியைக் குழந்தை பொறுத்துக்கொள்ளட்டும் என்று நினைப்பது கொடுமை. வலி மருந்தை முன்னதாகவே கொடுக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

வெளித்தோலை மட்டும் கவனிப்பதும் தவறுதான். கடுமையான வகைகளில் வாயிலும் உணவுக்குழாயிலும் கொப்புளம் வரும். குழந்தை சாப்பிட மறுத்தால் அடம் என்று திட்டாதீர்கள், விழுங்கவே வலிக்கலாம்.

இது தொற்றாது. கர்ப்பத்தில் தாய் சாப்பிட்டதாலோ செய்ததாலோ வருவதும் இல்லை. அவரைக் குறைசொல்லும் உறவினரை அப்போதே நிறுத்துங்கள்.

வளர்ந்த பிறகும் கண்காணிப்பு தேவை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வருவதால் உண்டாகும் ‘ஒடுங்கு மரபு டிஸ்ட்ரோபிக்’ என்ற வகையில் இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வரும் அபாயம் அதிகம். வாரக்கணக்கில் ஆறாத, தடித்து வளர்கிற, வழக்கத்துக்கு மாறாக வலிக்கிற புண்ணைப் பழைய புண்தானே என்று விடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். திசுப் பரிசோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள்.