பழைய லாரியில் மெனிபோல்டு விரிசல்: சத்தம் கேட்பது முதல் திரும்ப மாட்டுவது வரை

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் இஞ்சின் பக்கமிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். நாகர்கோவிலில் கிளம்பிய வண்டி ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் சத்தம் பாதியாகிவிடும். மறுநாள் காலை திரும்பவும் அதேதான். இதை டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்து செட்டிங்குக்குக் காசு கொடுத்துவிட்டு வருபவர்கள் நிறைய. சூடேற ஏற அடங்குகிற சத்தம் என்றால் முதல் சந்தேகம், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் எக்சாஸ்ட் மெனிபோல்டின் மேல்தான் விழவேண்டும். வார்ப்பிரும்பு சூட்டில் விரிந்து விரிசலை நெருக்கிவிடுகிறது; ஆறியதும் வாய் திறந்துகொள்கிறது.

உறுதிப்படுத்த, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மெனிபோல்டு ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒரு நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் நுரை கொப்புளிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். ஹெட்டிலோ (மெனிபோல்டு பூட்டியிருக்கும் இஞ்சினின் மேல்பகுதி) பக்கத்துக் குழாயிலோ விசிறிபோல் கரி படிந்திருந்தாலும் ஒழுகல் அங்கேதான். டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இஞ்சினுக்குக் கூடுதல் காற்றுத் தள்ளும் பாகம்) உள்ள வண்டியாக இருந்தால் இழுவை குறையும், ஏற்றத்தில் கரும்புகை தள்ளும். புகை கேபினுக்குள் வருகிறதென்றால் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இஞ்சினை ஓடவிட்டுக் கேபினில் படுத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

கன்னியாகுமரி மாவட்டத்தில் விரிசலுக்கு இரண்டு காரணங்களைக் குறிப்பாகச் சொல்லலாம். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மீன் லோடு அடிக்கும் வண்டிகளில் மெனிபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கும் மரைக்கம்பிகளான ஸ்டட்டுகளை உப்புக்காற்று தின்றுவிடுகிறது. ஓரத்து ஸ்டட் ஒன்று தெறித்துப்போனால் அந்த முனை தூக்கிக்கொண்டு ஆடும், ஆட்டத்தில் காஸ்டிங் (வார்ப்பு) கிழியும். இரண்டாவது, பாறை லோடு இறக்கிய கையோடு கொதிக்கக் கொதிக்க வாட்டர் சர்வீஸுக்கு விடுவது. பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பின் மேல் பச்சைத் தண்ணீர் பீய்ச்சினால் அது பிளக்காமல் என்ன செய்யும்? இவை போக, சைலன்சர் குழாயைத் தாங்கும் பிராக்கெட் உடைந்து குழாயின் முழு எடையும் மெனிபோல்டில் தொங்குவது எல்லா ஊர் வண்டிக்கும் பொது. காரணத்தைப் பார்க்காமல் விரிசலை மட்டும் அடைத்தால் அதே இடத்தில் திரும்பவும் விடும்.

மெனிபோல்டைக் கழற்றுவது அரை நாள் வேலை. ஸ்டட் ஒடிந்தால் இரண்டு நாள். அதனால் முந்தின நாள் சாயங்காலமே நட்டுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் ஆறு முனை சாக்கெட்டோ ரிங் ஸ்பானரோ போட்டு, முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்துங்கள். அசையவில்லை என்றால் நீளக் குழாய் மாட்டி மல்லுக்கட்டவேண்டாம். முந்தின நாள் விட்ட எண்ணெயைத் துடைத்துவிட்டு, டீசல் பைப்புகளை ஈரச் சாக்கால் மூடி, கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் மங்கின சிவப்பு வரை காய்ச்சுங்கள். சிவப்பு மறைந்ததும் மெழுகுவர்த்தியை மரையில் வையுங்கள். மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும், நட்டு பெரும்பாலும் இளகிவிடும். காய்ந்த நட்டில் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கக்கூடாது, தீப்பிடிக்கும்.

அப்படியும் ஒடிந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு போட்டு, சூடு தணிவதற்குள் முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். பேட்டரி ஒயரை முதலிலேயே கழற்றிவிடுங்கள். ஹெட்டோடு சமமாக ஒடிந்திருந்தால் நடுப்புள்ளி குத்தி, சின்ன பிட்டில் ஆரம்பித்து டிரில் போடவேண்டும். துளை ஓரம் போனால் ஹெட்டின் மரை கெடும். அதில் நிதானமில்லாத கையிடம் கொடுக்காதீர்கள்.

கழற்றியதைக் கம்பியில் தொங்கவிட்டுச் சின்ன சுத்தியலால் தட்டுங்கள். நல்ல காஸ்டிங் மணிபோல் கணகணக்கும், விரிசல் விட்டது 'தொப்' என்று அடங்கும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி தூவினால் விரிசல் ஈரக்கோடாகத் தெரியும். ஒரே கோடு, குழாய்ப் பகுதியில் என்றால் வெல்டிங் போடலாம். பிளேஞ்சு (ஹெட்டோடு ஒட்டும் தட்டையான விளிம்பு) வரை ஓடியிருந்தாலோ, மூன்று நான்கு கோடுகள் இருந்தாலோ வேறு மெனிபோல்டு வாங்குவதுதான் லாபம். பழைய பார்ட்ஸ் கடையில் எடுத்தாலும் இந்த இரண்டு சோதனையையும் அங்கேயே நின்று செய்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வெல்டிங்குக்குச் சாதாரண ராடு கூடாது. போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே புதுசாக விடும். பித்தளைப் பற்றும் எக்சாஸ்ட் சூட்டுக்குத் தாங்காது, எபாக்சி பசை கருகிவிடும். கோட்டின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு, V வடிவத்தில் கிரைண்டு பண்ணி, தடிமனான தகட்டில் மெனிபோல்டை போல்ட் போட்டு இறுக்கி (இல்லாவிட்டால் வளையும்), முழு காஸ்டிங்கையும் 500 டிகிரிக்கு மேல் சீராகச் சூடாக்கி, நிக்கல் ராடால் 25 மி.மீ. அளவு சின்னச் சின்னதாகப் போடவேண்டும். ஒவ்வொன்றும் போட்ட சூட்டிலேயே லேசாகத் தட்டிக்கொடுக்கவேண்டும். முடிந்ததும் உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து மறுநாள் எடுங்கள். காற்றில் ஆறவிட்டால் போட்ட கூலி வீண்.

அடுத்து லேத் பட்டறை. ஹெட்டோடு ஒட்டும் முகத்தில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர்ப்பட்டை) வைத்து, அடியில் 0.20 மி.மீ. பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தால் பேசிங் (முகத்தைச் சமமாகச் சீவுவது) போட்டாகவேண்டும். இரண்டு மூன்று துண்டாக வரும் மெனிபோல்டைச் சேர்த்து மாட்டிய நிலையில்தான் பேசிங் போடவேண்டும்.

மாட்டும்போது ஸ்டட், நட்டு, பேக்கிங் (இடையில் வைக்கும் கேஸ்கெட்) எல்லாம் புதுசு. மரையில் காப்பர் கிரீஸ் தடவுங்கள். கடலோர வண்டிக்கு இது கட்டாயம். நடு நட்டில் ஆரம்பித்து இருபுறமும் மாறி மாறி, மூன்று சுற்றாக இறுக்குங்கள். அளவு இஞ்சின் புத்தகத்தில் உள்ளபடி, 8 மி.மீ. ஸ்டட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர்தான், பலத்தைக் காட்டும் இடமில்லை. சைலன்சர் பிராக்கெட்டை மெனிபோல்டுக்குப் பிறகு, குழாய் இழுபடாமல் தானாக உட்காரும் நிலையில் பூட்டவேண்டும். டர்போ இருந்தால் அதன் வாய்க்குள் வெல்டிங் கசடோ பேக்கிங் துணுக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுழலும் பிளேடை அது பதம் பார்த்துவிடும்.

முதல் லோடு அடித்து வந்து வண்டி முழுதாக ஆறியபின் எல்லா நட்டையும் அதே வரிசையில், அதே அளவில் ஒருமுறை பாருங்கள். ஓரத்து இரண்டும் கொஞ்சம் இளகியிருக்கும்.